உடையாத மாடல்

கட்டிடக்கலை படிக்க வெளிநாடு போய் இறங்கிய ஒரு மாதத்தில் பையன் அம்மாவுக்குப் போன் போட்டான். "இங்க எல்லாரும் ரொம்ப நல்லவங்கம்மா. என் வேலையில யாரும் ஒரு குறை சொல்றதில்ல." அம்மா அன்றைக்கே தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள்.

அவன் பொய் சொல்லவில்லை. அந்தக் கல்லூரியில் வாரம் ஒருநாள் மாணவர்கள் தாங்கள் செய்த அட்டை மாடலை நீள மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆசிரியையும் கூடப் படிக்கிறவர்களும் சுற்றி நின்று கிழி கிழியென்று கிழிப்பார்கள். ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கத்தரி. ஒரு சுவர் பிடிக்கவில்லை என்றால் அம்மணி வாயால் சொல்வதோடு விடமாட்டாள், மாடலிலிருந்து பிய்த்தே எடுத்துவிடுவாள். வருடக் கடைசியில் வகுப்பில் பாதிப் பேர்தான் அடுத்த வருடத்துக்குப் போக முடியும். மீதிப் பேர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பக்கத்து மேசைக்காரி ஒருத்தி இருந்தாள். கத்தரி அதிகம் குதறியது அவளைத்தான். ஒருநாள் அவள் செய்த மருத்துவமனையின் மாடிப்படியைக் கத்தரி பிய்த்து அவள் கையிலேயே கொடுத்து, "இந்த வளைவுல ஸ்ட்ரெச்சர் எப்படித் திரும்பும்? நோயாளி எந்திரிச்சு நடந்து போயிடுவானா?" என்று கேட்டாள். அந்தப் பெண் கழிவறைக்கு ஓடிப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அடுத்தது நம்ம ஆளுடைய மாடல். கத்தரி ஒரு சுற்று சுற்றி வந்து, "அழகா இருக்கு. அட்டையைச் சுத்தமா வெட்டியிருக்கீங்க" என்றாள். மற்றவர்களும் சிரித்த முகமாகத் தலையாட்டினார்கள். அன்றைக்கு அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

பெரிய மனசு பண்ணி, அழுத பெண்ணுக்கு டீ வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொன்னான். அதற்குப் பிறகு அவள் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் "சூப்பர், இதுல கை வைக்கவே வேண்டாம்" என்பான். நாலு பேர் முன்னால் ஒரு பெண்ணைக் குறை சொல்வதா, அவன் வளர்ந்த விதம் அப்படியா? அவளோ ஒவ்வொரு முறையும் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வருடம் முடியப் போகிற நேரத்தில் அவளே வந்து கேட்டுவிட்டாள். "என் மேல உனக்கு என்ன கோபம்?"

"கோபமா? எனக்கா?"

"வருஷம் பூரா என் வேலையைப் பத்தி உருப்படியா ஒரு வார்த்தை சொன்னியா? நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு ஒதுக்கி வச்சியே."

"பாராட்டினேன்."

"அது பாராட்டா? இங்க ஒரு மாடல் தேறாதுன்னு தெரிஞ்சாத்தான் அப்படிச் சொல்லுவோம். தேறாததுக்காக யாரு மூச்சை வீணாக்குவா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்தாள். உடனே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "உன்னோடது நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அவன் மாடலைத் தூக்கிக்கொண்டு நேரே கத்தரியின் அறைக்கு ஓடினான்.

"இதுல என்ன தப்புன்னு சொல்லுங்க மேடம். உடைச்சுக்கூடக் காட்டுங்க."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மாடலைப் பொறுமையாகப் பார்த்தாள். "இதுல உடைக்க என்ன இருக்கு?" அன்பாகத்தான் கேட்டாள். அவன் இரண்டு கையிலும் மாடல் இருந்ததால், எழுந்து வந்து கதவையும் திறந்துவிட்டாள்.

முடிவு வந்தது. பக்கத்து மேசைக்காரி அடுத்த வருடத்துக்குப் போனாள், இவன் போகவில்லை. அன்று வீட்டுக்குப் போன் போட்டபோது எடுத்தது அப்பா. அப்பா லேசுப்பட்டவர் இல்லை. விளக்கை அணைக்க மறந்தாலே ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டுகிறவர், பிள்ளையை எருமை என்று கூப்பிட்டே வளர்த்தவர். அவன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, வரப்போகிற வசவுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான். அது வராதா என்று ஏங்கினான் என்றே சொல்ல வேண்டும்.



"சரிப்பா, பரவாயில்ல. நீ நல்லாத்தான் செஞ்சிருப்ப."

"திட்டுங்கப்பா."

"எதுக்குப்பா திட்டணும்?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அப்பா போனை அம்மாவிடம் கொடுத்தார்.