துண்டின் மூலையில் இரண்டு முடிச்சு

பொய் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்திருக்கலாம். "கண் டாக்டரைப் பாக்கப் போறேன்க்கா, மருந்து விடுவாங்களாம், துணைக்கு இவ வரா" என்று நான் சொன்னதும், அக்கா என் இமையை விலக்கி உள்ளே பார்த்தார். "ஆமாடி, சிவந்துதான் கிடக்கு. ஏன் முன்னாடியே சொல்லல?" என்றார். விடியற்காலையிலிருந்து சலவைக்கூடத்துச் சோடாத்தூள் ஆவியில் நிற்கிறவளுக்குக் கண் சிவக்காமல் வேறு என்ன ஆகும்? என் பையில் மாற்று உடையும் சீப்பும் இருந்தன. நானும் குண்டூசியும் பெரிய ஹோட்டலுக்கு டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்தோம்.

அந்த ஹோட்டலின் மேசைவிரிப்புகளும், மடியில் விரிக்கும் வெள்ளைத் துண்டுகளும் எங்கள் சலவைக்கூடத்துக்குத்தான் வரும். நானும் குண்டூசியும் மூட்டை பிரிப்போம். அக்கா கறைத் தொட்டியில் இருப்பார். குண்டூசி ஆள் ஒல்லி, வாய் குத்தும், அதனால்தான் அவளுக்கு அந்தப் பெயர். அக்கா எங்கள் இருவருக்கும் சொந்தமில்லை. பன்னிரண்டு வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்தால் சொந்தம் எதற்கு?

டீ குடிக்கும் யோசனையே அக்காவுடையதுதான். "நாம துவைக்கிற விரிப்புல நாமளும் ஒரு நாள் கை வெச்சு உக்காரணும்டி, மூணு பேருமா" என்று அவர்தான் ஆரம்பித்து வைத்தார். அதற்குப் பிறகு அவர் கணவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். மகள் காலையில் அப்பாவைப் பார்த்துக்கொள்வாள், மதியம் வேலைக்குப் போய்விடுவாள். ஆகவே அக்காவுக்கு மதியம் வீடுதான். ஹோட்டலில் பலகாரத் தட்டோடு தரும் அந்த டீ மதியம்தான் கிடைக்கும். மூன்று முறை நாள் குறித்தோம், மூன்று முறையும் தள்ளிப் போனது. நான்காவது முறை குறிக்க எங்களுக்குப் பொறுமை இல்லை. முதலில் நாம் போய்ப் பார்த்து வருவோம், அப்புறம் அக்காவைக் கூட்டிப் போவோம் என்று குண்டூசி சொன்னாள். நானும் தலையாட்டினேன். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

பேருந்தில் ஏறும்வரை அக்கா நினைப்பாகவே இருந்தது. ஹோட்டல் கதவைத் தாண்டியதும் எல்லாம் போய்விட்டது. அதுதான் இப்போதும் என்னை அரிக்கிறது.

மூன்று தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய தாங்கி ஒன்று வந்தது. கீழே விரல் நீளத்தில் சாண்ட்விச், நடுவில் வெண்ணெயும் ஜாமும் தடவித் தின்னும் பன், மேலே கட்டைவிரல் அளவில் கேக்குகள். "மூணு மாடி வீடு. நாம எந்த மாடிக்குக் குடி போறது?" என்றாள் குண்டூசி. ரொட்டியின் ஓரத்தையெல்லாம் வெட்டி யாருக்குப் போட்டிருப்பார்கள் என்று கவலைப்பட்டாள். விரிப்பின் விளிம்பைத் தூக்கிப் பார்த்து, "இந்தக் கோணல் மடிப்பு இஸ்திரிப் பக்கம் நிக்கிறவனோடதுதான், ஊரே பாக்கட்டும்" என்றாள். பரிமாறுகிறவர் எங்களை 'மேடம்' என்று கூப்பிட்டபோது இருவரும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தோம். சிரித்த சிரிப்பில் கோப்பை தளும்பி என் மடித்துண்டில் டீ கொட்டியது. வெளியே வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

திரும்பி வரும் பேருந்தில்தான் எனக்குச் சுரீர் என்றது.

கறைபட்ட துணியில் சீட்டு ஒட்டினால் ஈரத்தில் கழன்றுவிடும். பேனாவால் எழுதினால் அதுவே இன்னொரு கறை. அதனால் நாங்கள் மூவரும் ஒரு வழி வைத்திருக்கிறோம். மூலையில் ஒரு முடிச்சு என்றால் எண்ணெய், இரண்டு என்றால் டீயோ காப்பியோ, முறுக்கிப் போட்ட முடிச்சு என்றால் இரத்தம். கறையைக் கண்டால் என் கை கண்ணைக் கேட்காது, தானாகக் கட்டும். ஹோட்டல் மேசையிலும் கட்டியிருந்தது.

"துண்டுல ரெண்டு முடிச்சு போட்டு வெச்சுட்டு வந்திருக்கேன்டி" என்றேன்.

குண்டூசி முகத்தில் ஈயாடவில்லை. "நாளைக்குக் காலைல மூட்டைய நாமதானே பிரிக்கப் போறோம்? அக்கா வர்றதுக்குள்ள அவுத்துடு" என்றாள்.

மறுநாள் அரை மணி முன்னதாகவே போனேன். மூட்டை பிரிக்கும் மேசையில் அக்கா நின்றுகொண்டிருந்தார். பாதி மூட்டைகளைப் பிரித்து முடித்திருந்தார்.

"கண்ணுல மருந்து விட்டிருக்காங்க, பொடி பறக்குற இடத்துல நீ நிக்க வேணாம்னுதான் சீக்கிரம் வந்தேன். நீ போய் அந்த ஓரமா உக்காரு" என்றார். அப்படியே பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலாம் என்றிருந்தது.

எனக்காக வந்தவர் கையில் அந்தத் துண்டு இருந்தது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"இதப் பாருடி! மூட்டைக்குள்ள இருந்து முடிச்சோடவே வருது. ரெண்டு! டீக்கறை! நாம அவுக்க மறந்து அனுப்பின துண்டப் பாத்து அங்க யாரோ நம்ம முடிச்சுக் கணக்கக் கத்துக்கிட்டிருக்காங்க." இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினார். "இத்தன வருஷத்துல அங்கருந்து புகார் சீட்டத் தவிர என்ன வந்திருக்கு? இதத் துவைக்கிறவளுக்குச் சுலபமா இருக்கட்டும்னு ஒரு மகராசி நெனச்சிருக்கா பாரு."

குண்டூசி என் காலை மிதித்தாள். கழிப்பறைப் பக்கம் இழுத்துப் போய், "வாயத் தொறக்காத. அவங்க சந்தோஷமா இருக்காங்க. அத ஏன் கெடுக்குற?" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் பத்து மணிக்கு அக்கா அந்த மகராசிக்கு நன்றிச் சீட்டு எழுதி மூட்டையில் வைக்கப் போகிறேன் என்று என்னிடமே பேனா கேட்டு வாங்கினார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அந்த முடிச்சு நான் போட்டதுக்கா. கண் டாக்டர்கிட்ட போகல. நாங்க ரெண்டு பேரும் டீ குடிக்கப் போனோம்."

அக்கா பேனாவை மூடினார். கண்ணைத்தான் முதலில் பார்த்தார், சிவப்பு இருக்கிறதா என்று. அப்புறம் கேட்டார்.

"அங்க என்னப் பத்திப் பேசினீங்களா?"

"பேசாம இருப்போமாக்கா?" என்றாள் குண்டூசி அவசரமாக.

அக்கா அவளைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். ஒரு பொய்யைச் சொல்லி முடித்த மறுநாளே இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "இல்லக்கா. உள்ள போனதும் மறந்துட்டோம்" என்றேன்.

அக்கா தொட்டிக்குப் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வழக்கம்போல் கறையை எடுத்தார், அலசினார், பிழிந்தார். ஒரு மணிக்கு வேலை முடிந்ததும் வாசலில் எங்களை நிறுத்தினார்.

"மூணு தடவ தள்ளிப் போச்சே. ஒரு தடவயாவது, மாமாவ நாங்க பாத்துக்கறோம், நீங்க போயிட்டு வாங்கக்கான்னு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தி வாயிலேர்ந்து வந்துச்சா?"

வரவில்லை. வந்திருக்கலாம் என்றுகூட அதுவரை எனக்குத் தோன்றவில்லை. மூவரும் சேர்ந்து போவது என்று பேசிப் பேசியே நல்லவர்களாக இருந்துவிட்டோம். நான் வெட்கத்தில் தரையைப் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமை நீ வீட்டுக்கு வா" என்றார் அக்கா. "மூணு மணிக்கு மாத்திரையப் பொடிச்சு, கஞ்சில கலந்து குடுக்கணும். நாலு மணிக்கு ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். நான் டீ குடிச்சிட்டு வரேன்."

"நான் உங்களோட வரட்டாக்கா?" என்றாள் குண்டூசி.

"வேணாம்."

வெள்ளிக்கிழமை அக்கா தலையை நன்றாக வாரி, பச்சைப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினார். கண்ணாடியை இரண்டு முறை பார்த்தார். என்னிடம் மாத்திரை டப்பாவைக் காட்டினார், கஞ்சி இருக்கும் இடத்தைச் சொன்னார், கதவைச் சாத்திக்கொண்டு போனார். கோபமாகப் பேசவில்லை, சிரிக்கவும் இல்லை.

மூன்று மணிக்கு மாமாவின் தலையைத் தூக்கிப் பிடித்துக் கஞ்சி ஊட்டினேன். பாதி உள்ளே போனது, பாதி தாடையில் வழிந்தது. துடைத்துவிட்டேன். அவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பதால் பேச நேரமாகும்.

"அவ... எங்க?"

"டீ குடிக்கப் போயிருக்காங்க மாமா. அந்தப் பெரிய ஹோட்டலுக்கு."

மாமாவின் கண் மலர்ந்தது. இந்த டீ விஷயம் அந்த வீட்டில் எத்தனை முறை பேசப்பட்டிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்னொரு வாய் கஞ்சியை விழுங்கிவிட்டு, ஆசையாகக் கேட்டார்.

"யார்... யாரோட?"

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"தனியா மாமா" என்றேன்.