பழைய மதிப்பெண்

மூன்றாவது கம்பியையும் ரோரி அறுத்துவிட்டான். காரைப் பின்னால் எடுத்த வேகத்தில் சுவரிலிருந்த பிளக் பிடுங்கிக்கொண்டு வர, ஆரஞ்சுக் கம்பி பனியில் கோடு கிழித்தபடி தெருமுனைவரை இழுபட்டுப் போனது. சமையலறை ஜன்னலில் நின்று அவன் மனைவி நடீன் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ஜின் உறைந்துபோகாமல் இருக்க ராத்திரி முழுக்கக் காரை மின்சாரத்தில் சொருகி வைக்கிற ஊர் அது. காலையில் அதைக் கழற்ற மறந்து கிளம்புவது ஒன்றும் பெரிய குற்றமில்லை. எல்லாரும் ஒரு தடவை செய்திருப்பார்கள். அக்கம்பக்கம் ஒரு வாரம் கிண்டலடித்துவிட்டு விட்டுவிடும். ஆனால் ஒரே குளிர்காலத்தில் மூன்று தடவை செய்தவர் அந்தத் தெருவில் வேறு யாருமில்லை. முதல் இரண்டு தடவையும் விழுந்து விழுந்து சிரித்த எதிர்வீட்டுக்காரர்கூட இன்றைக்குச் சிரிக்கவில்லை. பனி வாருகிற மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கார் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடீன் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். தெருமுனையில் ரோரி காரை நிறுத்தி, கம்பியைச் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"தள்ளு. நான் ஓட்டுறேன்."

"இன்னிக்கு டாக்டர்கிட்ட டெஸ்ட் இருக்குல்ல, அதான் கொஞ்சம் டென்ஷன்." கம்பியைப் பின்சீட்டில் போட்டான். "டீம்ல எமில்கிட்ட மட்டும் சொல்லிடாத. கேட்டான்னா என்னை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுருவான்."

அவள் சிரிக்க முயன்றாள். வரவில்லை.

ரோரி பசராபா பதினோரு வருடமாகத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி ஆடுகிறவன். கோல் அடித்துப் பேர் வாங்குகிற ரகமில்லை. எதிரணியில் யார் துள்ளுகிறார்களோ அவர்களைப் பனித்தளத்தைச் சுற்றி நிற்கிற பலகையோடு பலகையாக இடித்து உட்கார வைப்பதும், அவசியப்பட்டால் கையுறையைக் கழற்றிவிட்டுக் குத்துவதும்தான் அவனுக்கு வேலை. குத்துகிறவன் குத்து வாங்காமல் இருப்பதில்லை. போன ஏப்ரலில் மண்டையில் வாங்கியது கொஞ்சம் பலம். எழுந்து நேராக எதிரணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டான். அரங்கமே சிரித்தது, நடீனைத் தவிர.

செப்டம்பரில் கதவடைப்பு வந்தது. டிக்கெட், டிவி, சட்டை, பீர் என்று ஆட்டத்தில் வருகிற வருமானத்தில் ஆட்டக்காரர்களுக்கு நூற்றுக்கு ஐம்பத்தேழு போய்க்கொண்டிருந்தது. அது அதிகம் என்றார்கள் முதலாளிகள். குறைக்க மாட்டோம் என்றது சங்கம். அரங்கங்களைப் பூட்டிவிட்டார்கள். ஆட்டமில்லை, சம்பளமில்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு இருந்தது. பூட்டுப் போட்ட அன்றைக்கு அடிபட்டுக் கிடந்தவனுக்கு, அவன் தேறிவிட்டான் என்று அணியின் டாக்டர் சொல்கிறவரை சம்பளம் கொடுத்தாக வேண்டும். அணியில் அப்படி இருந்தவன் ரோரி ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்துப் பனித்தளங்களில் வாடகை கொடுத்துப் பயிற்சி செய்ய, அவன் மட்டும் மாதாமாதம் டாக்டரின் சோதனைக்காகப் பின்வாசல் வழியாகப் பூட்டிய அரங்கத்துக்குள் போய் வந்தான். கூட்டாளிகள் அவனுக்கு 'மொதலாளி வீட்டு மாப்பிள்ளை' என்று பேர் வைத்தார்கள். விளையாட்டாகத்தான் சொன்னார்கள். நவம்பரில் சிலர் வீட்டுக் கடன் தவணைக்குத் திண்டாடத் தொடங்கியபோது அதே பேரை விளையாட்டில்லாமலும் ஓரிருவர் சொன்னார்கள். ரோரி அதற்குக் கூசிப்போனான். "அவனுங்க வெளிய நிக்கறப்ப நான் மட்டும் வாங்கித் தின்னுட்டு இருக்கேன். கேவலமா இருக்கு" என்பான். அவனுக்குத் தேறியாக வேண்டும். அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறவருக்கும் அவன் தேறியாக வேண்டும். இரண்டு பக்கமும் அவனைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள், ஒரே வாசலை நோக்கி.

அரங்கத்தின் கார் நிறுத்தம் வெறிச்சென்று கிடந்தது. ரோரி உள்ளே போனதும் நடீன் ஹீட்டரைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் தோற்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். கட்டின புருஷன் பரீட்சையில் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவளைச் சாமி என்னவென்று நினைக்குமோ. வீட்டுக்குள்ளேயே அவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிவது டாக்டருக்குத் தெரியாது. தலைவலி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பான். மகள் டெஸ் ஸ்பூனைத் தட்டில் போட்டால் அவன் தோள் இரண்டும் தூக்கிப்போடுகிறது. அதையும் சொல்ல மாட்டான். ஆனால் கணினிச் சோதனையிடம் பொய் சொல்ல முடியாது. சொற்களைக் காட்டும், வடிவங்களைக் காட்டும், மறைத்துவிட்டுக் கேட்கும். போன மூன்று தடவையும் அவன் தோற்றிருந்தான். அதுதான் அவளுக்கு இருந்த ஒரே தைரியம்.

அவன் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தான்.

"பாஸ்!" என்றான். மூச்சு வெண்ணிறமாக வந்தது. "மொத வருஷம் எடுத்த அதே மார்க், நடீன். ஒண்ணுகூடக் குறையல. டாக்டர் கை குடுத்தாரு. பழைய ரோரி திரும்பி வந்துட்டான்னாரு. உள்ள ஐஸே இல்ல தெரியுமா? வெறும் சிமெண்டுத் தரை. பாக்கவே என்னமோ மாதிரி இருந்துச்சு."

முதல் வருட மதிப்பெண் எப்படி வந்தது என்று நடீனுக்குத் தெரியும்.

அணிக்கு வந்த முதல் சீசன் தொடங்குமுன், மண்டை நன்றாக இருக்கும்போதே, ஒவ்வொருவனுக்கும் அந்தச் சோதனையை வைத்து ஒரு மதிப்பெண் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பிற்பாடு அடிபட்டால் அந்தப் பழைய மதிப்பெண்ணைத் தொட்டால்தான் மறுபடி ஆடலாம். ரோரி இந்த அணிக்கு வந்த வருடம், சோதனை முடிந்து வந்தவன் மளிகைக்கடை வாசலில் வைத்து அவளுக்கு நடித்துக் காட்டினான். வாயைத் திறந்துகொண்டு, கண்ணைச் செருகி, ஒற்றை விரலால் மெதுவாக, தப்பான பொத்தானாகப் பார்த்து அமுக்கினான். "எமில் சொல்லிக் குடுத்தான். எல்லாரும் இப்படித்தானாம். மொதல்லயே மக்கு மாதிரி எழுதி வெச்சுட்டா அப்புறம் எவ்வளவு அடிபட்டாலும் பாஸ்தான்!" அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு முட்டை அட்டையைக்கூடக் கீழே போட்டு உடைத்தாள்.

அந்த மக்கு வாங்கிய மதிப்பெண்ணைத்தான் இன்றைக்கு ரோரி தொட்டிருக்கிறான்.

"மொதத் தடவ எப்படி எழுதினன்னு ஞாபகமிருக்கா?" என்று கேட்டாள்.

"எப்படின்னா?" சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே சொன்னான். "இன்னிக்கு மாதிரியேதான். உயிரக் குடுத்து எழுதினேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேதி வந்தது. முதலாளிகளும் சங்கமும் விடிய விடியப் பேசிக் கைகுலுக்கிவிட்டார்களாம். எமில் ரொபிடூ ஒரு பெட்டி டோனட்டோடு வந்து இறங்கினான். அணியில் மூத்தவன், சங்கத்துக்கு அவர்கள் அனுப்பிய பிரதிநிதி. முன்பல் இரண்டும் போனவன், அதைப் பற்றிக் கவலைப்படாமல் சிரிக்கிறவன்.

"பாதிக்குப் பாதி! அம்பத்தேழ விட மாட்டோம்னு இத்தன மாசம் தெருவுல நின்னோம், கடைசில அம்பதுக்குக் கையெழுத்து. நம்மள மாதிரி சூரப்புலிங்க உண்டா? எங்கடா மொதலாளி வீட்டு மாப்பிள்ள?"

"மாப்பிள்ளை இல்லடா இப்ப. டைவர்ஸ் ஆயிடுச்சு" என்றான் ரோரி. "வெள்ளிக்கிழம பாஸ் பண்ணேன். அன்னிக்கே சம்பளத்த நிறுத்திட்டானுங்க."

எமில் அவனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். இறக்கிவிட்டபோது ரோரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நடீன் பார்த்தாள். டெஸ் டோனட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட, ரோரி அவளைத் துரத்திக்கொண்டு போனான்.

எமில் கிளம்பும்போது அவள் வாசலுக்கு வெளியே போய், பின்னால் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எமில், அவன் பழைய மார்க்கத் தொட்டிருக்கான்."

"அதான் சொன்னானே. நல்ல சேதிதான?"

"அந்தப் பழைய மார்க்க எப்படி எடுத்தான்? நீதான சொல்லிக் குடுத்த?"

எமிலுடைய சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் அது மட்டும் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது, கண்கள் முன்னாலேயே போய்விட்டன.

"ஒருவேள... இந்தத் தடவயும் வெளயாட்டா எழுதிருப்பான்..."

"உயிரக் குடுத்து எழுதினானாம். மொதத் தடவயும் அப்படித்தான் எழுதினேன்னு சொல்றான். நீ சொல்லிக் குடுத்ததே அவனுக்கு ஞாபகமில்ல."

எமில் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினான். மூக்கில் வழிந்ததைத் துடைத்தான். "நடீன்மா, என் மார்க்கும் பொய்தான். எங்க டிரெஸ்ஸிங் ரூம்ல முக்கால்வாசிப் பேர் மார்க்கு பொய்தான்." குரல் இறங்கிவிட்டது. "டாக்டர்கிட்டச் சொல்லப் போறியா? அவனுக்கு இன்னும் ரெண்டு வருஷ ஒப்பந்தம் பாக்கி இருக்கு. ஏமாத்திட்டான்னு கிழிச்சுப் போட்டுருவாங்க. இந்த அம்பதுக்குச் சங்கம் இன்னும் ஓட்டுப் போடல. இந்த நேரத்துல ஆட்டக்காரனுங்க பூராப் பித்தலாட்டம்னு பேப்பர்ல வந்துச்சுன்னா..."

"அவன் மண்டைல இன்னொரு அடி விழுந்தா?"

மைனஸ் இருபத்தெட்டுக் குளிரில் எமில் பைக்குள் கைவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தான். "அவன்கிட்டயே சொல்லிப் பாரு" என்றான். காரை ரொம்ப மெதுவாக எடுத்தான். அவ்வளவு மெதுவாக அவன் எதையும் ஓட்டி அவள் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் நடீன் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனாள். விளக்குப் போடாமல் ரோரி மட்டைக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மளிகைக்கடை வாசல், எமில், ஒற்றை விரல், உடைந்த முட்டை. அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். பாதியில் சிரிக்கக்கூடச் சிரித்தான்.

"நானா? அப்படியா பண்ணேன்? பலே ஆளுதான்."

பிறகு டேப் சுற்றுகிற கை நின்றது. அவன் கணக்குப் போடுவது அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கணக்கு முடியாமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். முடிந்துவிட்டது.

"அப்ப இதுதான் நானா?" என்றான். "இவ்வளவுதானா?"

அவள் எழுந்து வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் சட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டே, "சொல்லிடாத நடீன். உன் கால்ல விழறேன். எனக்கு வேற எதுவும் தெரியாது" என்றான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் விசிலடித்துக்கொண்டு முட்டை பொரித்தான். டெஸ்ஸுக்கு இரட்டைச் சடை போட்டுவிட்டான். "டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? பழைய ரோரி திரும்பி வந்துட்டான்னாரு" என்று மகளிடம் பெருமையடித்தான். நடீன் அவன் முகத்தையே பார்த்தாள். கீழ்த்தளத்தில் பேசியதை ஒதுக்கி வைத்துவிட்டு நடிக்கிறானா, இல்லை, அதுவும் போய்விட்டதா? நடிக்கத் தெரிந்தவன்தான். ஒரு காலத்தில் மக்காக நடித்தவன் இப்போது கெட்டிக்காரனாக நடிக்கக்கூடாதா? அப்படி இருக்கட்டும், பொய் சொல்கிறவனாகவே இருக்கட்டும் என்று அவள் மனம் கிடந்து தவித்தது. கேட்டுவிடலாம், ஒரு கேள்விதான். கேட்டுப் பதில் தெரிந்துகொள்ள அவளுக்குத் தைரியமில்லை.

அந்த வாரக் கடைசியில் பூட்டுத் திறந்தார்கள். முதல் நாள் பயிற்சிக்கு ரோரி ஸ்கேட் ஷூவையும் மட்டையையும் காரில் ஏற்றிக்கொண்டிருந்தான். முதல் நாளே இடித்துப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். இடம் பிடிக்க வந்திருக்கிற இருபது வயசுப் பயல்களுக்கு இவனை விழத் தட்டினால்தான் பேர். டாக்டர் கொடுத்த கார்டு குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. டெஸ்தான் ஒட்டியிருந்தாள், அப்பா பாஸ் பண்ணிய சந்தோஷத்தில்.

நடீன் கார்டிலிருந்த எண்ணைப் போட்டாள். மணி அடித்தது. இரண்டு வருட ஒப்பந்தம், வீடு, எமில், இன்னும் ஓட்டுப் போடாத சங்கம், காலில் விழுகிறேன் என்ற குரல், எல்லாம் ஒன்றாக வந்து முன்னால் நின்றது.

"ஹலோ" என்றார் டாக்டர்.

வெளியில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. என்ஜின் உறுமியது. பிறகு திடீரென்று நின்றது. ரோரி இறங்கிக் காரைச் சுற்றி ஓடி வந்தான். ஜன்னலுக்கு நேராக நின்று, அவள் பார்க்கிறாளா என்று பார்த்தான். அவள் புதிதாக வாங்கி மாட்டியிருந்த நாலாவது கம்பியின் பிளக்கைக் கழற்றி, கையில் உயரத் தூக்கிக் காட்டினான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வாயசைந்தது. மறக்கலை, பாத்தியா! முகமெல்லாம் சிரிப்பு.

"ஹலோ?" என்றார் டாக்டர். "யாருங்க பேசுறது?"