கஸ்டர்ட் உறையும்வரை

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் எத்தியேன் பிரீசருக்குள் குடிபோனார். ஐஸ்கிரீம் உறையும்வரை அதை அடிக்கடி கிளற வேண்டும். கதவைத் திறந்தால் குளிர் போய்விடும். ஆகவே ஓர் ஆள் உள்ளே இருப்பதுதான் முறை. குல்லாவைப் போட்டுக்கொண்டு, முள்கரண்டியைக் கையில் பிடித்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, கதவைத் தானே சாத்திக்கொண்டார்.

அவர் மனைவி மதலேனுக்கு அதில் வருத்தமில்லை. முப்பது வருஷமாகப் புதுச்சேரியின் சாராயக் கடை வாசல்களில் அந்த மனுஷனைத் தேடி அலைந்தவள். புருஷன் இருக்கிற இடம் தெரிவதே அவளுக்குப் புதுசு.

ஐஸ்கிரீமுக்காக அவள் காய்ச்சிய கஸ்டர்டில் குற்றம் சொல்ல முடியாது. மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் அடித்து, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கரண்டியின் முதுகில் பூசினாற்போல் ஒட்டும்வரை சிறு தீயில் கிண்டினாள். தீ கொஞ்சம் கூடியிருந்தால் முட்டைப் பொரியல் ஆகியிருக்கும். ஆகவில்லை. அதற்கப்புறம்தான் புத்தி கெட்டது. பிரான்சிலிருந்து கொழுந்தன் கொண்டுவந்த வால்நட் மதுவில் இரண்டு ஸ்பூன் விட்டால் போதும். மிச்சப் புட்டி வீட்டில் இருந்தால் யார் வயிற்றுக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியாதா? முழுப் புட்டியையும் கவிழ்த்துவிட்டாள். இப்போது பாலுக்குப் பூனை காவல்.

"உறைஞ்சுதா?" என்று மத்தியானம் கேட்டாள்.

"ஆடுது."

சாயங்காலமும் ஆடியது. எத்தியேனின் குரல் தூரத்திலிருந்து வந்தது. பிரீசர் நீண்டுவிட்டது, ஐஸ்கிரீம் டப்பா அந்தக் கோடியில் இருக்கிறது, கிளறுவதற்கு நடந்து போய்வர வேண்டியிருக்கிறது என்றார். அவர் பல் தந்தியடிப்பது வெளியே கேட்டது.

"போதுங்க, வெளிய வாங்க."

"உறையட்டும்."

கதவை இழுக்கப் போனாள். கைப்பிடியைக் காணோம்.

மறுநாள் பிரிட்ஜ் மெக்கானிக் கமால் பாய் வந்தார். பிரிட்ஜ் எதிரே செருப்பைக் கழற்றிவிட்டு, மரியாதையாகக் கதவைத் தட்டிப் பார்த்தார்.

"கைப்பிடி உள்பக்கம் போயிடுச்சும்மா. ஆள் குடியிருந்தா அங்கதான் போகும்."

"ஒடச்சிடுங்க பாய்."

"குடியிருக்கிற வீட்ட ஒடைக்கக் கூடாதும்மா. டப்பா காலியானா கதவு தானா தொறந்துக்கும். இது சிங்கிள் டோர் வேற. பெரிய மனுஷர வெக்கறதுன்னா டபுள் டோர் வாங்கியிருக்கணும்." மூக்கைச் சுளித்து முகர்ந்தார். "சரக்கு எவ்வளவு ஊத்தினீங்க?"

"முழுசா."

"அப்ப அது இந்த ஜென்மத்துல உறையாது," என்றார். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மதலேன் கதவில் கன்னத்தை ஒட்டிக்கொண்டாள். கன்னம் மரத்துப்போனது.

"என்னங்க, அது உறையாதாம். கீழ கொட்டிடுங்க."

"நீ செஞ்சதையா?"

"கொட்டுங்க! டப்பா காலியானாத்தான் கதவு தொறக்குமாம்."

"உறைஞ்சா சாப்பாடு மதலேன், உக்காந்து சாப்பிட்டுட்டு வந்துடுவேன். உறையலன்னா அது குடி. குடிக்க மாட்டேன்னு நேத்து மாதா முன்னால சத்தியம் பண்ணிட்டேன். உங்கிட்ட சாப்பிடறப்ப சொல்லலாம்னு இருந்தேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை ஒன்பது நாள் நோவேனா, எத்தனை மெழுகுவத்தி. கேட்டபோதெல்லாம் கொடுக்காத மாதா, பார்த்துப் பார்த்து நேற்றுத்தான் கொடுக்க வேண்டுமா? அவளுக்கு மாதாமேல் கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. உள்ளே அவர் இருமுவது இப்போது தெருக்கோடியில் யாரோ இருமுவதுபோலக் கேட்டது.

"குடிச்சிடுங்க," என்றாள்.

"என்ன?"

"ஆபத்துக்குப் பாவமில்லைங்க. மாதாகிட்ட நான் பேசிக்கிறேன். ஒரே மூச்சுல குடிச்சிட்டு வந்துடுங்க."

கிளறுகிற சத்தம் நின்றது. மதலேன் கதவையே பார்த்தாள்.

"பொம்பள பேசற பேச்சா இது?" வெகுதூரத்திலிருந்து, கண்டிப்பான குரலில் கேட்டார் எத்தியேன். "நான் அதெல்லாம் விட்டாச்சு."

முள்கரண்டி மறுபடி கிளறத் தொடங்கியது. மதலேன் இரண்டு கையாலும் கதவை அறைந்து, "குடிங்க, குடிங்க" என்று கதறினாள்.