புளி போட்டு மினுக்கிய நாணயம்

வெள்ளவத்தையில் ஒரே கட்டடத்தில் மேல்வீடு கனகேஸ்வரியுடையது, கீழ்வீடு ஜெஸீமாவுடையது. புத்தளத்துக்குக் கலியாணத்துக்குப் போகுமுன் ஜெஸீமா, தன் வாப்பா விட்டுப்போன செப்பு நாணயமொன்றைக் கனகேஸ்வரியிடம் ஒப்படைத்திருந்தாள். ஏதோ ஒரு விழா நினைவாக, மாதிரிக்கு நாலைந்து மட்டும் அடித்துப் பார்த்து, பிறகு வேண்டாமென்று கைவிட்ட நாணயம் அது. எந்தக் கடையிலும் சில்லறையாய்ப் புழங்காதது. பழைய நாணயங்கள் சேர்க்கும் கொட்டாஞ்சேனை ஜீவராஜ் அதை வாப்பாவின் பெயரெழுதி நாணயக் கண்காட்சியில் வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமைப் பூசைக்காகக் கனகேஸ்வரி விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாணயத்தின் கறுப்பு ஞாபகம் வந்தது. பாவம், இப்படி அழுக்காகவா நாலு பேர் முன்னால் போவது? நல்ல மனதோடுதான், பிள்ளைகளே, அதையும் தேய்த்தாள். பளபளவென்று வந்தது. ஜெஸீமா ஊரிலிருந்து வந்ததும் கடதாசியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தாள். அவள் பிரித்துப் பாராமலே அலுமாரியில் வைத்தாள்.

ஜீவராஜ் வந்த அன்று, தேத்தண்ணி குடிக்கக் கனகேஸ்வரியையும் ஜெஸீமா கூப்பிட்டிருந்தாள். அவர் கடதாசியைப் பிரித்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டார்.

"ஆர் தங்கச்சி இதைக் கழுவினது? குத்துவிளக்கு மாதிரியெல்லோ மினுங்குது! அந்தப் பழைய கறுப்புத்தான் இதுக்கு உயிர். இதைக் கொண்டுபோய் வைச்சா என்னைப் பாத்துச் சிரிப்பினம்."

"அப்ப வாப்பாட பேரு?"

ஜீவராஜ் உதட்டைப் பிதுக்கினார்.

சொல்லிவிடு என்றது கனகேஸ்வரியின் மனம். அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தாள். அதற்குள் ஜெஸீமா மகள் பர்ஹாவின் பக்கம் திரும்பிவிட்டாள்.

"அலுமாரியக் கிண்டுற கள்ளி நீதானே! என்ட வாப்பாட காசு ஒனக்கு வெளையாட்டுச் சாமானா?"

"நான் தொடவே இல்ல உம்மா!"

முதுகில் ஓர் அடி விழுந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை. "விடுங்கோ தங்கச்சி" என்றார் ஜீவராஜ். கனகேஸ்வரி கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது அடியும் விழுந்தது.

"அடியாதை ஜெஸீமா! நான்தான்... நான்தான் புளி போட்டு மினுக்கினனான்."

ஜெஸீமாவின் கை இறங்கியது. "நல்லதுக்குத்தானே செஞ்சீங்க, கனகாக்கா" என்றாள், முகத்தைப் பாராமல்.

அதைக்கூடக் கனகேஸ்வரி தாங்கியிருப்பாள். பர்ஹா மூக்கைத் துடைத்தபடி அவள் முன்னால் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, ரெண்டு அடி விழுற வரைக்கும் ஏன் பேசாம இருந்தீங்க?"

கனகேஸ்வரி பிள்ளையின் முதுகைத் தடவிக்கொடுக்க நீட்டிய கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டாள்.