ஓரம் சீவிய அப்பம்

நண்பகலென்று வேதக்கோயில் மணி உரைத்தும் நம்ப மறுத்த ஞாயிற்றுக்கிழமை அது. விலை படியாத வணிகனைப்போல் கதிரவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு முகிலுக்குள் ஒதுங்கிவிட, கூரைகளில் வழிந்தும், வாய்க்கால்களில் கறுத்தும், அடைத்த கடைகளின் பலகைகளை ஓயாது தட்டியும் பெய்துகொண்டிருந்தது மழை. குடைகள் யாவும் வீடு சேர்ந்துவிட்ட அத்தெருவில், அடுமனை ஒன்றின் புகைபோக்கி மட்டும், சொல்ல வந்ததை மறந்தவன்போல் மெல்லிய புகையைக் கசியவிட்டு நின்றது.

அவ்வடுமனைக்கு உரியவர், படிப்போரே, நாவினால் ஊரையே விலைபேச வல்லவர். ஆயினும் மனைவியை மண்ணுக்குக் கொடுத்த நாள்முதல், கோயிலில் பகிரும் திருவிருந்துக்கு அப்பம் சுட்டு அனுப்புவாரேயன்றி, அவ்விருந்தில் கைநீட்டியதில்லை. உண்ணுமுன் நன்றி சொல்லும் வழக்கத்தையும் அடுப்புச் சாம்பலோடு அள்ளிக் கொட்டிவிட்டார். அவ்வழக்கம் அவளுடையது. "காஞ்ச ரொட்டித் துண்டுக்கே இவ்வளவு நன்றியா? ஆண்டவரு நம்மள ஏமாந்த வாடிக்கைன்னு நெனச்சிடப் போறாரு!" என்று அவர் சீண்டுவார். "வாடிக்கையா? பிள்ளைங்க நாம. பேசாம சாப்பிடுங்க" என்று நகைத்துவிட்டு அவள் கண்மூடுவாள்.

படுக்கையில் கிடப்போர்க்கெனச் சிற்றப்பங்களைத் அடுமனையிலேயே தனித்தனியே வெள்ளைத்துணியில் முடிந்து கூடையில் வைத்து அனுப்புவது அக்கோயிலின் மரபு. வேண்டுதல் முடிந்தபின் சபையின் ஆயர் அவற்றை வீடுவீடாய்க் கொண்டுசெல்வார். அன்று எல்லா வீடும் ஏறியிறங்கிய ஆயர், நனைந்த கூடையோடு அடுமனைக் கதவைத் தட்டினார்.

"அண்ணே, ஒண்ணு மிஞ்சிப்போச்சு."

"கை தவறியிருக்கும் ஐயா. நீங்களே சாப்பிட்டிருக்கலாமே? இதுக்கா மழையில வந்தீங்க!"

"சாப்பிடத்தான் பிரிச்சேன். அண்ணிக்குக் கொண்டுவருவேனே, அதே மாதிரி ஓரம் சீவியிருந்துச்சு."

அடுமனையாளர் குனிந்து கூடைக்குள் பார்த்தார். விழுங்கமாட்டாத மனைவிக்காக, நோய்நாளெல்லாம் ஓரத்தைக் களைந்து களைந்து பழகிய கைகள், அவள் மறைவை இன்னும் கேள்விப்படாதவைபோல், அவள் பங்கையும் முடிந்து அனுப்பியிருந்தன.

"குருவிக்குப் போட்டுடுங்க."

"ஜெபம் பண்ணின அப்பம்ணே. எறியக் கூடாது."

"அப்ப நான் தின்னுட்டு நன்றி வேற சொல்லணுமோ? குடுத்ததுக்குச் சொல்லலாம், பிடுங்கிட்டுப் போனதுக்குமா? எங்க கடைத்தெருவுல இப்படி ஒரு வியாபாரம் கிடையாது ஐயா!"

ஆயர் நனைந்த கூடையைக் கீழே வைத்தார். "எனக்கும் பதில் தெரியலண்ணே. காட்டிக்கொடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்ச ராத்திரியிலதான் ஆண்டவரும் அப்பத்தை எடுத்து நன்றி சொன்னாரு. அது அவரால எப்படி முடிஞ்சுதுன்னு நானும் இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

எதிராளி மடியை அவிழ்த்து வெறுமையைக் காட்டிவிட்டால், எத்துணைப் பெரிய பேரக்காரனுக்கும் மேற்கொண்டு பேச்சில்லை. அடுமனையாளர் அப்பத்தை வாங்கிக்கொண்டு மாவுமூட்டைமேல் அமர்ந்தார். நன்றி சொல்ல ஏதேனும் உண்டா என்று, இருண்ட சரக்கறையில் துழாவுபவர்போல் தம் நெஞ்சைத் துழாவினார்.

"அவ சாப்பிட்டா ஐயா" என்றார் கடைசியில். "வலியோட வலியா, நான் சீவிக் குடுத்ததை மறுக்காம சாப்பிட்டா. அதுக்கு வேணா சொல்றேன். அதுக்கு மட்டும்."

சொன்னார், உண்டார். ஆயர் வெற்றுத்துணியை மடித்துக் கூடையில் வைத்தார்.

மழை விடவில்லை, உள்ளறைக் கட்டிலின் வெறுமை ஓர் இம்மியும் குறையவில்லை. நன்றியென்பது நிறைந்த வயிற்றின் ஏப்பமென்று எண்ணுவோர் எண்ணுக. பிட்கப்பட்ட அப்பத்தை ஏந்துவோர்க்கோ, அது பிட்கப்பட்ட நெஞ்சிலிருந்தே, துண்டுதுண்டாய், அன்றன்றைக்கு வேண்டிய அளவே வெளிப்படுகின்றது.