கணவாயில் மேகம்

பாப்புவா மலைகளுக்குள் இருந்த அந்தப் புல் ஓடுதளத்துக்கு விமானம் வரலாமா என்று வானொலியில் சொல்வது நோலினின் வேலை.

"அக்கா, கணவாய் எப்படி இருக்கு?" என்று நகரத்திலிருந்து விமானி கேட்டான்.

விமானம் மலைகளுக்கிடையே புகுந்து வரும் அந்தக் கணவாய் கழுவிவிட்டதுபோல் தெளிவாக இருந்தது. போன வருடம் அவள் கணவன் ஏறிய சின்ன விமானம் அங்கேதான் மலையில் மோதியது. இன்று அவள் மகள் யாவேரி போக வேண்டும். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்ததால், நகரத்து ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

"மூடியிருக்கு தம்பி. வராதே."

"எங்கம்மா மேகம்?" என்று யாவேரி சிரித்தாள். "நேத்தும் இதையேதான் சொன்ன. பன்னிங்களை விரட்டிட்டு ஊரே ஓடுதளத்துல நிக்குது."

"உங்கப்பா போன அன்னைக்கும் வெளிச்சமாத்தான்டி இருந்துச்சு. நான்தான் வரச் சொன்னேன்."

யாவேரியின் சிரிப்பு நின்றது. அம்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"நீ பார்த்ததைத்தானேம்மா சொன்ன. அப்புறம் மேகம் வந்தா நீ என்ன பண்ணுவ? இப்பவும் பார்த்ததைச் சொல்லு. நீ சொன்னா நான் பயப்படாம ஏறுவேன்."

இத்தனை நாளும் தான் பயந்தது மலைக்கல்ல, தன் வாய்ச்சொல்லுக்குத்தான் என்று நோலினுக்கு அப்போது புரிந்தது. கையை எடுக்காமலே மறுகையால் பொத்தானை அழுத்தினாள்.

"தம்பி, கணவாய் திறந்துதான் இருக்கு. மெதுவா வா."

"மெதுவா வந்தா விமானம் பறக்காதுக்கா."

"அப்போ உன் வேகத்துலயே வா. ஏறப்போறது என் பொண்ணு."