பேர் வாசிக்கிற நாள்

அப்பா காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கட்டிலுக்கு அடியில் கிடந்த தகரப் பெட்டியைத் தானே இழுத்து வாசலில் வைத்துவிட்டார். எழுபத்தெட்டு வயது. பெட்டி வந்த தடம் சிமெண்டுத் தரையில் நீளமாகக் கிடந்தது.

“எங்கப்பா கெளம்பிட்டீங்க?” என்றேன்.

“பேர் வாசிக்கிறாங்கள்ல.”

முந்தின நாள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பேர் வாசிப்பார்கள், எல்லாக் காகிதத்தோடும் குடும்பத்தோடு வர வேண்டும் என்று. வீட்டுமனைப் பட்டா கொடுக்கத்தான். சிலோனிலிருந்து வந்த எங்களுக்கு வடமதுரைப் பக்கம் நூல் மில்லில் வேலை கொடுத்தார்கள், குடிசை போட இடமும் காட்டினார்கள், காகிதம் மட்டும் கொடுக்கவில்லை. ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. அதை வாங்கித் தருகிறேன் என்று சொல்லித்தான் என் தங்கை சகாயராணி எம்.எல்.ஏ. தேர்தலில் ஓட்டுக் கேட்டாள். ஜெயித்து, மூன்று வருஷம் அலைந்து, வாங்கியும் விட்டாள்.

ஆனால் அப்பாவுக்குப் பேர் வாசிப்பது என்றால் ஒன்றுதான். தேயிலைத் தோட்டத்தில் ஒரு காலையில், இந்தியாவுக்கு அனுப்புகிறவர்கள் பேரை அப்படி வாசித்தபோது எங்கள் பேர் வந்தது. சித்தப்பா ஸ்தனிஸ்லாஸ் பேர் வரவில்லை. அடுத்த லிஸ்டில் வரும் என்றார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறினோம். எனக்கு ஆறு வயது. சித்தப்பா வரவே இல்லை. அப்பாவும் அந்தப் பெட்டியை முழுசாகப் பிரித்ததே இல்லை.

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பெட்டியை நானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனேன். மைதானத்தில் பார்த்தால் எங்களைப் போலக் கப்பலில் வந்த ஏழெட்டுக் கிழங்கள் பையும் மூட்டையுமாக வரிசையில் நிற்கிறார்கள்.

“ஏண்டி, எம்.எல்.ஏ. அப்பனே பொட்டியோட கெளம்பிட்டாரு. நாம போட்ட ஓட்டு அம்புட்டுத்தானா?” என்றாள் உள்ளூர்ப் பேச்சாயி. சிரிக்கத்தான் சொன்னாள். வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

சகாயராணி மேடையிலிருந்து இறங்கி வந்தாள்.

“அப்பா, கேமராக்காரங்க வந்திருக்காங்க. பொட்டிய அக்காகிட்ட குடுங்க.”

“உம் பேரு லிஸ்டுல இருக்கா, ராணி?”

“எம் பேரு எப்படிப்பா வரும்? நாந்தான் திண்டுக்கல்ல இருக்கேனே.”

“அப்ப எம் பேர வாசிச்சாலும் நான் எந்திரிக்க மாட்டேன்.”

“இது போறதுக்கு இல்லப்பா. இருக்கிறதுக்கு.”

“அன்னைக்கும் ஒருத்தன விட்டுட்டுத்தான் வந்தேன்” என்று சொல்லிவிட்டு அப்பா பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார்.

அவள் அந்தப் பெட்டியையே பார்த்தாள். போன மாசம் சென்னையில், சட்டசபைக்குப் போனால் அவள் தங்குகிற எம்.எல்.ஏ. விடுதிக்குப் போயிருந்தேன். மூன்று வருஷமாக இருக்கிற அறை. அலமாரியைத் திறந்தால் வெறும் ஹேங்கர்கள். சேலையெல்லாம் சூட்கேஸிலேயே மடிப்புக் கலையாமல் இருந்தது. இங்கேயே பிறந்தவள், கப்பலைக் கண்ணால் பார்த்ததில்லை.

“சூசை” என்று மைக்கில் தாசில்தார் வாசித்தார். அப்பா எழுந்திருக்கவில்லை. மறுபடி வாசித்தார். மூன்றாவது தடவைக்கும் வராவிட்டால் பட்டா ஆபீசுக்கே திரும்பிப் போய்விடும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

“செத்த நேரம் பொறுங்க சார்” என்று மேடையைப் பார்த்துச் சொன்னாள் சகாயராணி.

அப்பா பெட்டிமேல் ஒரு ஓரமாக நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். கஞ்சி போட்ட சேலை மொடமொடக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தகர மூடி டொப்பென்று அமுங்கியது. இரண்டு பேரும் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாசில்தார் மூன்றாவது தடவை வாசிக்காமல் நிற்க, மைக் வெறுமனே இரைந்துகொண்டே இருந்தது.